வாழைப்பூ வடை

ஒரு வீட்டில் பழைய எண்ணெய் டப்பா எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும், அந்த வீட்டுக்காரியின் குணத்தைச் சொல்லிவிடலாம். பருத்திப்பட்டு ஹெலினாவின் வீட்டில் அது அடுப்புக்குப் பக்கத்திலேயே, உப்பு ஜாடியை ஒட்டி, கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. எதைப் பொரித்தாலும் மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி அதில் ஊற்றி வைப்பாள். அடுத்த நாள் வறுவலுக்கும் தாளிப்புக்கும் அதுதான்.

“பழசை முடிக்காம புது பாக்கெட்டைப் பிரிக்காதீங்க.” கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவர் டேவிட் கேட்டுவரும் வேதவாக்கியம் இது.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஹெலினாவுக்கு எல்லாமே நினைவிருந்தது. அந்த டப்பா மட்டும் நினைவில்லை.

சம்பந்தியம்மா பொன்னம்மாள் முதல் தடவையாகச் சாப்பிட வருகிறாள். ஹெலினாவின் மகள் ஆஷ்லி, பாரிவாக்கத்து ராகேஷைக் காதலித்துப் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்ட கதை ஊருக்கே தெரிந்ததுதான். மருமகளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட பொன்னம்மாள், அந்த மருமகளின் தாய்வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவே இல்லை. “பொண்ணு தங்கமான பொண்ணு. அவங்க ஊட்டுச் சாப்பாடு நமக்கு ஒத்துக்காது” என்று அவள் சொன்னது சுற்றி வளைத்து ஹெலினாவின் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

பிறகு பொன்னம்மாளின் கணவர் எத்திராஜுக்கு நெஞ்சுவலி வந்தது. ராகேஷும் ஆஷ்லியும் அம்பத்தூரில் வேலையில் இருந்த நேரம். காரை எடுத்துக்கொண்டு ஓடியவர் டேவிட். ஆஸ்பத்திரி வராந்தாவில் பொன்னம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் ஹெலினா. அடைப்பு நிறைய இருக்கிறது, பைபாஸ் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை என்று டாக்டர் டேவிட்டைத் தனியாக அழைத்துச் சொன்னார். வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன்.

பொன்னம்மாள் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். புரட்டாசி முடியும்வரை அவள் வீட்டில் யாரும் கவிச்சியைத் தொடமாட்டார்கள். கடைசிச் சனிக்கிழமை, வீடு வீடாக மடிப்பிச்சை எடுத்த அரிசியில் சோறு பொங்கித் தளிகை போட்டுப் படைப்பாள். தாலியை மட்டும் விட்டுவை, சாமி.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை நாளைக்கு.

அதனால்தான் ஹெலினா வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். அவள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை கறியும் மீனும் கிடையாது, மாமியார் காலத்துப் பழக்கம். வியாழக்கிழமை டேவிட்டின் பழைய கம்பெனி நண்பர்கள் வந்து சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் கேட்டுச் சாப்பிட்டுப் போனதும், அடுப்பு மேடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். ஆவடி மார்க்கெட்டில் புது வடசட்டி வாங்கினாள், வடையை அரித்தெடுக்கப் புதுச் சாரணி, புதுக் கரண்டி. எண்ணெய்கூடப் புதுப் பாக்கெட் இரண்டு.

“எதுக்கு ஹெலி இவ்வளவு அமர்க்களம்?” என்றார் டேவிட். “ஐப்பசி பொறந்தா அவங்களும் ஆட்டுக்கால் தேடறவங்கதானே.”

“ஐப்பசியில தேடட்டும். இது புரட்டாசி.”

“சரி, நான் என்ன செய்யணும்?”

“கேள்வி கேக்காம வாழைப்பூவை ஆயுங்க.”

டேவிட் ஒழுங்காகவே ஆய்ந்தார். ஒவ்வொரு பூவிலும் நரம்பை இழுத்துப் போட்டுவிட்டு மோரில் போட்டார். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயின. பணி ஓய்வுக்குப் பிறகு மனிதருக்குச் சமையலறையில் ஒரு ஆசை வந்திருந்தது. ஹெலினா அதை வெளியில் கிண்டல் செய்வாள், உள்ளுக்குள் பிடிக்கும்.

முருங்கைக்காய் சாம்பார், கத்திரிக்காய் காரக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், ரசம், சேமியா பாயசம். எல்லாம் இறக்கியாயிற்று. கடைசியாக வடை. முதல் ஈடு எடுத்து, இரண்டாவது ஈட்டுக்கு மாவைத் தட்டும்போது வாசலில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது.

“வந்துட்டாங்க. நீங்க போட்டு எடுங்க, தீயவிட்றாதீங்க” என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள் ஹெலினா.

ஆஷ்லியின் பின்னால் இருந்து பொன்னம்மாள் இறங்கினாள். மஞ்சள் புடவை, நெற்றியில் ஒற்றை நாமக்கோடு. தெருவையும் வீட்டையும் ஒருமுறை பார்த்தாள். ஹாலில் இயேசு படத்துக்கு முன்னால் ஒரு நொடி தயங்கி நின்றுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஹெலினாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அண்ணன் எப்படி இருக்காரு, சம்மந்தி?”

“இன்னா சொல்றது. டிவி பாத்துகினு கீறாரு. பக்கத்து ஊட்டுக்காரர ஒக்கார வச்சிட்டு வந்தேன். ஆபரேசன் பேச்சு எடுத்தா மட்டும் எந்திரிச்சி உள்ள பூடுறாரு.”

“எல்லாம் நல்லபடியா முடியும்.”

“முடியணும். அதுக்குத்தான இந்த மாசம் பூரா வாயக் கட்டிகினு கீறேன். ராகேசு கூட இன்னிவரிக்கும் ஒரு முட்டை தொடல. அவன் அப்பா மேல அவ்ளோ உசுரு.”

இலை போட்டார்கள். பொன்னம்மாள் முதலில் சும்மா பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஆஸ்லி சொல்லிச்சி. எனக்கோசரம் புதுச் சட்டியே வாங்கினியாமே.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, சம்மந்தி.”

“ஒண்ணுமில்லன்னு சொல்லாத. எங்கூடப் பொறந்தவளுங்க இப்டி செய்ய மாட்டாளுங்க.”

ஹெலினா வடையைப் பரிமாறினாள். பொன்னம்மாள் விண்டு வாயில் போட்டாள். சோம்பு வாசனையும் மொறுமொறுப்பும் சரியாக வந்திருந்தன. “வாயப்பூ வடன்னா இது வட” என்றாள். அவ்வளவுதான், ஹெலினாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்பளம் பொரித்து வருகிறேன் என்று சமையலறைக்குள் போனாள்.

வடசட்டியில் எண்ணெய் முக்கால் சட்டி நின்றது. அவள் விட்டுப்போனபோது அரைச் சட்டிகூட இல்லை. மேடையைப் பார்த்தாள். இரண்டாவது பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

“என்னங்க, எண்ணெய் எப்படி இவ்வளவு இருக்கு?”

“கொறஞ்சுபோச்சு. வடை முங்கவே இல்ல, அதான் ஊத்தினேன்.”

“எதை ஊத்தினீங்க?”

டேவிட் உப்பு ஜாடிக்குப் பக்கத்து டப்பாவைக் காட்டினார். “நான் புதுசைப் பிரிக்கலையே” என்றார், பாராட்டை எதிர்பார்க்கிற குரலில்.

ஹெலினா மேடையைப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை சிக்கன் பொரித்த எண்ணெய். மேடையைக் கழுவும்போது அந்த டப்பாவை எடுத்து ஓரமாக வைத்து, துடைத்து, மறுபடியும் அதே இடத்தில் வைத்தவள் அவள்தான். அது கண்ணில் படாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

“என்ன ஆச்சு, ஹெலி?”

“நேத்து என்ன பொரிச்சேன்னு நெனச்சுப் பாருங்க.”

டேவிட் நினைத்துப் பார்த்தார். அவருடைய முகம் மாறிய விதத்தைப் பார்த்து ஹெலினாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அவள் சொல்லிக் கொடுத்ததைத்தான் மனிதர் செய்திருக்கிறார்.

“எந்த வடை எந்த ஈடு?”

“ரெண்டையும் ஒரே தட்டுலதானே கொட்டினேன்” என்றார் டேவிட், குரலே வெளியே வராமல்.

அப்பளத்தை அப்படியே விட்டுவிட்டு ஹெலினா ஹாலுக்கு விரைந்தாள். பொன்னம்மாள் இரண்டாவது வடையை முடித்துக்கொண்டிருந்தாள்.

“போதும் சம்மந்தி, வடையில உப்பு தூக்கலாப் போச்சு. அதை விடுங்க.”

“எங்க தூக்கலா கீது? அளவாத்தான் கீது. இன்னொண்ணு வை.”

“எண்ணெய்ப் பலகாரம், வயித்துக்கு ஆகாது.”

“எனக்கு இன்னா வயித்துக்கு? கல்லத் துன்னாலும் செரிக்கும். உங்க அண்ணனுக்கும் ரெண்டு கட்டிக் குடு. வாயப்பூன்னா உசுர வுடுவாரு.”

“டாக்டர் அவருக்கு எண்ணெய் கூடாதுன்னு சொல்லியிருக்காரே.”

“ஒண்ணு துன்னா இன்னா ஆயிடப்போவுது. சம்மந்தி ஊட்லர்ந்து வந்ததுனு சந்தோசப்படுவாரு.”

ஹெலினா பதில் தேடுவதற்குள் ஆஷ்லி எழுந்துபோய் வாழையிலைத் துண்டில் வடைகளைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இத்தனை மாதம் தூதுபோய்க் களைத்த பெண். அவளைப் பார்த்ததும் ஹெலினாவின் வாய் ஒட்டிக்கொண்டது. இப்போது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். பாயசம் முடியட்டும் என்று நினைத்தாள். கை கழுவட்டும் என்று நினைத்தாள்.

கை கழுவிவிட்டு வந்த பொன்னம்மாள் ஹெலினாவுக்கு எதிரே நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

“நாளைக்கு தளிகைக்கு தெரு பூரா மடிப்பிச்ச எடுத்துட்டேன். உன் ஊட்டு அரிசியும் அதுல இருக்கணும், சம்மந்தி. ஒரு பிடி போடு. அவுரு நல்லபடியா எந்திரிச்சி வரணும்னு நெனச்சிகினு போடு.”

இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றிருந்தவள் மடியேந்தி நிற்கிறாள். டேவிட் சமையலறை வாசலில் நின்று மனைவியைப் பார்த்தார். ஹெலினா அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். அள்ளிய பிடியில் பாதி அரிசி பானையிலேயே கொட்டியது. மீண்டும் அள்ளினாள்.

போட்டாள். ஸ்கூட்டி தெருமுனையில் திரும்பியதும் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா? தப்பு என்னோடது” என்றார் டேவிட்.

“அவங்க மடியேந்தினது என் முன்னாடி” என்றாள் ஹெலினா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெலினாவும் அவளுடைய தோழிகள் அருள்செல்வியும் பத்மாவும் ஏரிக்கரையில் நடப்பார்கள். நடந்து குறைத்ததை எல்லாம் சுண்டல் வண்டியில் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள். அருள்செல்வி சர்ச் பாடகர் குழுவில் ஹெலினாவுடன் பாடுகிறவள். பத்மா எதிர் வீடு, சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலுக்குப் போகிறவள். வீட்டில் இருந்தால் மூச்சு முட்டும் என்றுதான் ஹெலினா வந்தாள்.

வண்டிக்காரர் பட்டாணிச் சுண்டலைத் தட்டில் போட்டு, சமோசாவை அதன் மேல் நொறுக்கி, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவிக் கொடுத்தார். ஹெலினா கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள்.

“இன்னாடி, அத்த துன்னப்போறியா, இல்ல எண்ணிகினு இருக்கப்போறியா?” என்றாள் அருள்செல்வி.

ஹெலினா சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அருள்செல்வி கேட்டு முடித்ததும் பளிச்சென்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “வாய மூடிகினு இரு. ரெண்டு ஈடு போட்ட. அவங்க துன்னது மொத ஈடா இருந்தா? நீ போய் சொல்லி, இல்லாத பாவத்த அவங்க தலையில ஏத்தாத. ஆபரேசன் முடியட்டும். அப்பால ஒருநாள் சிரிச்சிகினே சொல்லு.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

“அவ்ளோதான். ஆண்டவருக்குத் தெரியாதா நீ வேணும்னு செய்யலன்னு.”

ஹெலினாவுக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு வாய் சுண்டல்கூட இறங்கியது. பத்மாவைப் பார்த்தாள்.

“நீ என்ன சொல்ற, பத்மா?”

பத்மா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “போன சனிக்கிழமை முறுக்கு குடுத்தியே. அது எந்த எண்ணெய், ஹெலினா?”

“ஐயோ, அது புது எண்ணெய்தான். உனக்குன்னு தனியாச் சுட்டேன்.”

“சரி” என்றாள் பத்மா. ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஹெலினா தட்டை வண்டியின் ஓரத்தில் வைத்துவிட்டாள். எத்தனை வருடப் பழக்கம். பொங்கலுக்குப் பொங்கல், கிறிஸ்துமஸுக்குக் கேக் என்று மாறி மாறிப் போய்வந்த வீடு. ஒரு முறுக்கில் வந்து நிற்கிறது. பத்மாவுக்கே இப்படி என்றால் பொன்னம்மாளுக்கு? டேவிட்டின் வாயில் எதுவும் நிற்காது. இன்றைக்கு இல்லாவிட்டால் பொங்கலுக்கு உளறிவிடுவார். திங்கட்கிழமை நல்லபடியாக முடிந்தால்கூட, அதற்குப் பிறகு ஆஷ்லி அந்த வீட்டில் எதைப் பொரித்து எடுத்துவைத்தாலும் பொன்னம்மாள் முதலில் எண்ணெயைத்தான் பார்ப்பாள். நல்லபடியாக முடியாவிட்டால் என்கிற இடத்துக்கு ஹெலினாவின் மனம் போகவே மறுத்தது.

அப்போதுதான் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சுண்டல் வண்டிக்கு நாலு வண்டி தள்ளிச் சிக்கன் பகோடா கடை. மற்ற மாதங்களில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. புரட்டாசியில் கடைக்காரர் கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைக்கு மூன்று பேர் நின்றார்கள். நடுவில் நின்றவன் ராகேஷ். கையில் பேப்பர் தட்டு, தட்டில் பகோடா.

ஹெலினா பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான். தட்டை நண்பனின் கையில் திணித்தான்.

“மச்சான், யார்ரா அது?”

“எங்க அத்தேடா. கம்முனு இரு.”

வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். “அத்தே, வாக்கிங்கா?”

“உங்கம்மா மத்தியானம் என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா, ராகேஷ்? நீ ஒரு முட்டைகூடத் தொடலைன்னாங்க.”

ராகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். முதலில் ஒருநாள்தான் என்றான். பிறகு ரெண்டு வாரமாத்தான் என்றான். பிறகு உண்மையாகவே பேசினான்.

“ஊட்ல இருக்க முடில, அத்தே. எல்லாரும் அப்பா மூஞ்சியயே பாத்துகினு கீறோம். அவரு இருமினா அம்மா எந்திரிச்சி நிக்குது. இங்க பசங்ககூட வந்து நின்னா ஒரு அரமணி நேரம் ஒண்ணும் நெனப்பு வராது. அதுக்குதான். சாப்பாட்டுக்காக இல்ல.”

அவனைத் திட்ட ஹெலினாவுக்கு மனம் வரவில்லை. அவன் வயதில் அவளும் பயத்தைத் தின்றே தீர்த்தவள்தான்.

“வண்டியை எடு. உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.”

அவன் முகம் வெளுத்தது. “அத்தே, சொல்லிடாதீங்க. அம்மா தாங்காது.”

“உன்னைப் பத்திப் பேச வரலை.”

“சத்தியமா?”

“சத்தியமா. என்னைப் பத்திப் பேச வர்றேன்.”

ஆவடி–பூந்தமல்லி சாலை வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் நுழைந்து நுழைந்து ராகேஷ் போனான். பின்னால் உட்கார்ந்து ஹெலினா வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். தெரியாம நடந்துபோச்சு சம்மந்தி. மொத ஈடா இருந்தாலும் இருக்கும் சம்மந்தி. இரண்டாவதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். அதைச் சொன்னால் பாதி சொன்னது மாதிரி ஆகிவிடும்.

பாரிவாக்கத்து வீட்டுக் கூடத்தில் பொன்னம்மாள் கீழே உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பிச்சை எடுத்த அரிசியெல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. புழுங்கல், பச்சை, ரேஷன், எல்லாம். பக்கத்தில் புளி போட்டுத் தேய்த்த விளக்கு பளபளத்தது. எத்திராஜ் நாற்காலியில் சாய்ந்து டிவி பார்த்தார். கையில் ஒரு வாழைப்பூ வடை, பாதி கடித்தது.

“வா சம்மந்தி. இப்பத்தான் உன் வடையப் பத்திப் பேசிகினு இருந்தோம்” என்றாள் பொன்னம்மாள்.

ஆஷ்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய சிரிப்பு நின்றது.

ஹெலினா நாற்காலியில் உட்காரவில்லை. பொன்னம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். டிவி சத்தத்துக்கு நடுவிலேயே சொன்னாள். டப்பாவைச் சொன்னாள், வியாழக்கிழமைச் சிக்கனைச் சொன்னாள். எண்ணெயை ஊற்றியது யார் என்பதை மட்டும் சொல்லாமல், “எங்க வீட்டு அடுப்படியில என் கவனக்குறைவு” என்று முடித்தாள்.

முறம் நின்றது. ஆஷ்லி, “அம்மா” என்றாள், அழுவதா கோபப்படுவதா என்று தெரியாத குரலில்.

பொன்னம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஹெலினாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எப்ப தெரியும் உனக்கு?”

“நீங்க ரெண்டாவது வடை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது.”

“அப்ப, நான் மடியேந்தினப்ப?”

“தெரியும்.”

“தெரிஞ்சே அரிசி போட்ட.”

“தெரிஞ்சேதான் போட்டேன். சொல்ல வாய் வரலை. நீங்க இனிமே எங்க வீட்டுக்கு வர மாட்டீங்களோன்னு பயம்.”

பொன்னம்மாள் முறத்திலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி, விரல் இடுக்கில் வழியவிட்டாள். “இதுல உன் அரிசி எது, மத்தவங்க அரிசி எதுன்னு நான் எப்டிப் பிரிப்பேன், சம்மந்தி?”

ராகேஷ் கதவோரம் நின்று தரையைப் பார்த்தான்.

“வடையக்கூட வுடு. தெரியாம நடந்துச்சு. பெருமாளுக்குத் தெரியாதா? ஆனா மாசம் பூரா நான் கட்டிகினு வந்தது கடைசி நாள் அறுந்து பூடுச்சே. இந்த ஊட்ல ஒருத்தர் வாயில படல. வயசுப் பையன், அவன்கூட தொடல. அப்டிக் காப்பாத்தினேன்.”

ஹெலினா நிமிர்ந்து ராகேஷைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுடைய கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வார்த்தை போதும், பாதிப் பாரம் இறங்கிவிடும். சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

பொன்னம்மாள் முறத்தை ஓரமாகத் தள்ளிவைத்தாள். தீர்மானம் பண்ணிவிட்டவளின் நிதானம் அவள் குரலில் வந்திருந்தது.

“நாளைக்கு தளிகை இல்ல. திங்கக்கெயம ஆஸ்பத்திரியும் இல்ல.”

“சம்மந்தி, அப்படிச் சொல்லாதீங்க. டாக்டர் தள்ளிப்போடவே கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்காரு.”

“டாக்டர் அறுப்பாரு. உசுரக் குடுக்கறது யாரு? அறுந்துபோன வேண்டுதல வச்சிகினு அந்த மனுசன நான் மேசையில படுக்க வைக்க மாட்டேன். மறுபடியும் மொதல்லர்ந்து வெரதம் இருக்கறேன். ஒரு மாசம் போவட்டும்.”

“அத்தை, ஒரு மாசம் தாங்காது” என்றாள் ஆஷ்லி.

பொன்னம்மாள் மருமகளைப் பார்க்கவே இல்லை. டிவி சத்தம் சட்டென்று நின்றது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எத்திராஜ் இந்தப் பக்கம் திரும்பினார். இவ்வளவு நேரம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. மனைவியை ஒரு அதட்டல் போடுவார், விஷயம் முடிந்துவிடும் என்று ஹெலினா நம்பினாள்.

“அப்ப திங்கக்கெயம போவ வோணாமா, பொன்னு?” என்றார் எத்திராஜ்.

“வோணாம்.”

அவர் மூச்சை நீளமாக விட்டார். தோள்கள் தளர்ந்து இறங்கின. பரீட்சை தள்ளிப்போன பையனின் முகம் அது. இத்தனை நாளாக ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போன மனிதர், இப்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கையிலிருந்த பாதி வடையை நிம்மதியாக வாயில் போட்டுக்கொண்டார்.

ஹெலினாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த மனிதர் தப்பிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். அந்த வழியை அவளே வந்து திறந்துவிட்டிருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று நினைத்துத்தான் வந்தாள். இப்போது அந்த உண்மை அவர் வாயில் அரைபட்டுக்கொண்டிருந்தது.

அப்பாவின் முகத்தை ராகேஷும் பார்த்துவிட்டான். கதவோரத்திலிருந்து நகர்ந்து வந்து ஹெலினாவுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தான். அவன் சட்டையில் பகோடா வாசனை இன்னும் இருந்தது. அது தன் மூக்குக்கு மட்டும்தான் எட்டுகிறதா என்று ஹெலினா பயந்தாள். கண்ணாலேயே அவனிடம் வேண்டாம் என்றாள்.

“அம்மா” என்றான் ராகேஷ். “ஒண்ணு சொல்லணும்.”